100, 125 சிசி பைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி முடிந்த கையோடு அக்கா மகன் முதல் பைக் வாங்கக் கிளம்பினான். வீடு நாமக்கல்லில், வேலை ராசிபுரம் பக்கம், போக வர 50 கிலோமீட்டருக்குக் குறையாது. கையில் 30 ஆயிரம் இருந்தது, மீதிக்கு லோன். ஷோரூமில் நுழைந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்ண்ணா?" இரண்டாவது, "மாசம் எவ்வளவு கட்டணும்?" மூன்றாவது கேள்வி வரவில்லை. நேராகக் கலர் பார்க்கப் போய்விட்டான்.

எட்டு, பத்து வருஷம் தினமும் ஏறி உட்காரப் போகிற வண்டிக்கு இந்த இரண்டு கேள்வி போதாது. அன்றைக்கு அவனை வெளியே கூட்டிவந்து டீக்கடையில் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைலேஜிலிருந்தே ஆரம்பிக்கலாம். விளம்பரத்தில் வரும் எண், பரிசோதனைக் கூடத்தில் உருளை மேல் வண்டியை நிறுத்தி, வரையறுத்த வேகத்தில் ஓட்டி எடுத்தது. அங்கே சிக்னல் இல்லை, பின்னால் ஆள் இல்லை, எதிர்க்காற்று இல்லை. ரோட்டில் அது குறையத்தான் செய்யும். போதாததற்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலந்த எரிபொருளில் ஆறு, ஏழு சதவீதம் ஆற்றல் அங்கேயே போய்விடுகிறது.

ஆனால் பெரிய தவறு அந்த எண்ணை நம்புவதுகூட இல்லை. இரண்டு வண்டிக்கு நடுவில் இருக்கும் நாலைந்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதுதான். கணக்கு போட்டுப் பாருங்கள். தினம் 50 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள் என்றால் 15,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 250 லிட்டர் தேவை. 65 கொடுக்கும் வண்டிக்கு 231 லிட்டர் போதும். மிச்சமாவது 19 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,900 ரூபாய், மாசத்துக்கு ஏறக்குறைய 160 ரூபாய். அந்த அஞ்சு கிலோமீட்டருக்காக 10 ஆயிரம் கூடக் கொடுத்தால் போட்டதை எடுக்கவே அஞ்சு வருஷம் தாண்டிவிடும். அவன் ஓட்டும் தூரத்துக்கே இந்தக் கணக்கு என்றால், தினம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமா? அதே மாடலை ஒரு வருஷமாக ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அவரும் மீட்டரில் காட்டுவதைச் சொல்லாமல், பங்க்கில் தானாக நிற்கும் வரை நிரப்பி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கைச் சொன்னால் நம்பலாம்.

அடுத்தது ரோடு. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டப்போகும் ரோட்டை யோசிக்கிறவர்கள் குறைவு. ஹீரோ ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்தது. இன்றும் 97.2 சிசி, நாலு கியர், ஏறக்குறைய 8 குதிரைத் திறன். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர இதற்கு மேல் எதுவும் வேண்டாம். 2023-ல் வந்த ஹோண்டா ஷைன் 100 வெறும் 99 கிலோ, சீட் உயரம் 786 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவர்களுக்கும், வீட்டில் பெண்களும் சேர்ந்து ஓட்டும் வண்டிக்கும் இது பெரிய வசதி. இதையெல்லாம் யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஆனால் நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் பக்கம் உள்ள ஆண்டகளூர் கேட் வரை நான்குவழிச் சாலையில் தினமும் போகிறவனுக்கு 100 சிசி கொஞ்சம் கஷ்டம். 50, 60-ல் அமைதியாகப் போகும். 80-க்கு முறுக்கினால் இன்ஜின் முக்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் கையில் எதுவும் மிச்சம் இருக்காது. லாரிகளுக்கு நடுவே ஒரு வண்டியைத் தாண்டும்போது அந்த மிச்சம்தான் தேவைப்படும். டிவிஎஸ் ரெய்டர் மாதிரி 125 சிசி வண்டிகளில் 11 குதிரைத் திறனும் ஐந்து கியரும் வருகின்றன. அதே வேகத்தில் இன்ஜின் அலட்டிக்கொள்ளாது. மைலேஜில் கொஞ்சம் போனாலும் இந்த ரோட்டுக்கு 125தான் சரி.

மலை ரோடு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஆளை வைத்து 100 சிசியில் ஏறலாம், பலரும் ஏறுகிறார்கள். ஆனால் முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே பொழுது போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர் கவலைப்பட வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் ஏறி இறங்குகிறவர் அதை வாங்கக் கூடாது.

அதே சமயம், ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிற ஒருவர், "கெத்தா இருக்கும்" என்று பையன்கள் சொன்னதைக் கேட்டு 160 சிசிக்குப் போவதும் தவறுதான். டயர், செயின் ஸ்ப்ராக்கெட், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றிலும் கூடப் போகும்.

விலைக்கு வருவோம். பேனரில் போட்டிருப்பது எக்ஸ் ஷோரூம் விலை. வீட்டுக்கு வண்டி வரும்போது நாம் கொடுத்திருப்பது ஆன் ரோடு விலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை வரி வரியாக எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 1 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புது இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசத்தில் லட்சத்தைத் தாண்டும் மாடலாக இருந்தால், ஒரு படி கீழே இருப்பதையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஐந்து வருஷத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு புது வண்டிக்குக் கட்டாயம், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்த ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. வெளியே விலை கேட்டுவிட்டு வாருங்கள், பேச்சே மாறும். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். சாரி கார்டும் பின்சீட்டுக் கைப்பிடியும் விதிப்படியே வண்டியோடு வர வேண்டியவை, தனியாகக் காசு கொடுக்காதீர்கள். தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டும் வண்டி வாங்கும்போது கொடுக்கப்பட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. கேட்டால்தான் வரும், அதனால் கேளுங்கள்.

லோனில் எல்லோரும் விழும் குழி "ஃப்ளாட்" வட்டி. 80,000 ரூபாய், 3 வருஷம், 10 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி 24,000. மாசத் தவணை 2,889 ரூபாய். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மாசாமாசம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு 80,000-க்கும் கடைசி மாசம் வரை போடப்படுகிறது. வங்கிக் கணக்கு முறையில், அதாவது குறையும் அசலுக்கு வட்டி என்று பார்த்தால், இது ஏறக்குறைய 18 சதவீதம். ஊர்க் கூட்டுறவு வங்கியிலோ, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் ஆயிரக்கணக்கில் மிச்சம்.

இனி புது கம்பெனி வண்டிகள். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. சில வருஷத்துக்கு முன் அப்போதுதான் ஊருக்கு வந்த ஒரு கம்பெனியின் வண்டியை வாங்கினேன். ஓட்ட நன்றாகவே இருந்தது. ஒருநாள் நிறுத்தியிருந்த இடத்தில் யாரோ தள்ளிவிட்டு இடதுபக்க இண்டிகேட்டர் உடைந்தது. அந்த இண்டிகேட்டர் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரைக்கும் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே ஓட்டினேன். இன்ஜின் கெட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பயம் வந்தது.

புது கம்பெனி என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பழைய கம்பெனியும் ஒரு காலத்தில் புதுசுதான். மின்சார பைக்கில் ரிவோல்ட், ஓபன், ஓலா எல்லாமே புதியவைதான், அவற்றில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பழைய பெயர் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. கான்பூரில் இருந்த எல்எம்எல் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர், ஃப்ரீடம் என்று 110 சிசி பைக்கும் விட்டார்கள். அந்தக் கம்பெனி மூடிப்போனது. (அதே ஃப்ரீடம் பெயரில்தான் 2024-ல் பஜாஜ், சிஎன்ஜியிலும் பெட்ரோலிலும் ஓடும் 125 சிசி பைக்கைக் கொண்டுவந்தது.)

எனவே ஷோரூமுக்குப் போகும் முன் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போங்கள். மூன்று கேள்வி போதும். இந்த வண்டி உன்னிடம் வருகிறதா? பிரேக் ஷூவும் கிளட்ச் கேபிளும் இந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்குமா, சேலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டுமா? ஹெட்லைட் உடைந்தால் எத்தனை நாள்? அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் அந்த வண்டி அந்த ஊரில் பிழைக்கும். பழைய கம்பெனியாக இருந்தாலும் புத்தம் புது மாடலின் முதல் சில மாசம் பொறுத்திருப்பது நல்லது. இருக்கும் சின்னச் சின்னக் குறைகள் அதற்குள் வெளியே வந்துவிடும்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பா காலத்து வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வ் திருப்பிக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேங்குக்குள் ஒரு பம்ப் பெட்ரோலில் மூழ்கி வேலை செய்கிறது, அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் அடித்து எப்போதும் கடைசிச் சொட்டிலேயே ஓட்டினால் அந்த பம்ப் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. கால் டேங்குக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மற்றபடி முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், புது இன்ஜினில் உரசி வரும் துகள் எல்லாம் முதல் ஆயிலில்தான் சேர்கிறது. ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அக்கா மகனிடம் நான் அதிக நேரம் பேசியது பிரேக்கைப் பற்றி. அவன் பார்த்த மாடலில் இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள வண்டி, முன்னால் டிஸ்க் உள்ளதைவிடச் சில ஆயிரம் குறைவு. அந்தப் பணத்தில் ஒரு ஹெட்செட் வாங்கலாம் என்பது அவன் கணக்கு. 2019 ஏப்ரலில் வந்த விதிப்படி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம், 125 வரை சிபிஎஸ் இருந்தாலே போதும். சிபிஎஸ் என்றால் பின் பிரேக்கை மிதிக்கும்போது முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்காது. அதைத் தடுப்பது ஏபிஎஸ். ஷோரூமில் இரண்டையும் ஒன்றுபோலப் பேசினால் நம்பாதீர்கள். 2024-ல் வந்த ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் போல, 125-லேயே முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் தரும் வண்டிகள் இப்போது இருக்கின்றன. நான்குவழிச் சாலையில் போகிறவர் மற்ற எதைக் குறைத்தாவது அதை வாங்க வேண்டும். அது முடியாவிட்டால் முன்னால் டிஸ்க்காவது இருக்க வேண்டும்.

எந்த பிரேக் இருந்தும் அதைப் பிடிக்காவிட்டால் பயன் இல்லை. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று நம் ஊரில் சைக்கிள் பழகும்போதே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் ஆயுசு முழுக்க பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர்கள் ஏராளம். வண்டி நிற்க முனையும்போது பாரம் எல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்கும், வண்டி நிற்காது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. தூக்கி அடிப்பது திடீரென்று கொத்தாகப் பிடித்தால்தான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணலிலும் அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும்.

அவன் கடைசியில் முன்னால் டிஸ்க் உள்ள 125 எடுத்தான். வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் வரச் சொன்னேன். பின் பிரேக் மட்டும் போட்டு ஒரு தடவை, இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்தி ஒரு தடவை. இரண்டு தடவையும் வண்டி நின்ற இடத்தைக் காலால் அளந்தான். இரண்டாவது தடவை நின்றது, முதல் தடவை நின்ற தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. மறுபடியும் போய்த் திருப்பிக்கொண்டு வந்தான், சொல்லாமலே பத்துத் தடவை போட்டுப் பார்த்தான்.