'கெட்' என்ற சின்னச் சொல்: புதிதாக வந்தவர்களுக்கு

ஆங்கிலத்தை நன்றாகப் படித்துவிட்டு ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு வந்தவர்கள்கூட முதல் சில மாதங்களில் 'கெட்' (get) என்ற சொல்லில் தடுமாறுகிறார்கள். அகராதியைத் திறந்தால் 'பெறு' என்றிருக்கும். பேருந்திலும் அலுவலகத்திலும் அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. தமிழில் 'பிடி' எப்படியோ அப்படித்தான் இதுவும். பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, ஒருவரைப் பிடிக்கிறது. யாரும் நமக்கு இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லித்தரவில்லை.

முதலில் அடுத்து வரும் சொல்லைக் கவனியுங்கள். 'கெட் ஆன்' என்றால் பேருந்தில் ஏறு, 'கெட் ஆஃப்' என்றால் இறங்கு. காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. 'கெட் கோல்ட்', 'கெட் டயர்ட்' என்று தன்மையைக் குறிக்கும் சொல் வந்தால் 'ஆகிறது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ டோன்ட் கெட் இட்' என்பவர் சாமான் எதுவும் கைக்கு வரவில்லை என்று சொல்லவில்லை, நீங்கள் சொன்னது புரியவில்லை என்கிறார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 'ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?' என்று கேட்டால் எதில் ஏறுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எல்லாம் எப்படிப் போகிறது என்று நலம் விசாரிக்கிறார்கள்.

உண்மையில் சிக்கல் வருவது படிவங்களில்தான். 'கெட் திஸ் சைன்ட்' என்றால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று பொருள் இல்லை. உரியவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். மருத்துவரா, வீட்டு உரிமையாளரா, பள்ளியா என்பது பக்கத்திலேயே இருக்கும். 'கெட்' வந்து, பின்னால் ஒரு பொருள், அதன் பின்னால் 'சைன்ட்' போல முடிந்த வினை என்று வந்தால் பெரும்பாலும் அந்த வேலையை இன்னொருவரைக்கொண்டு செய்விப்பதுதான். 'கெட் த கார் ஃபிக்ஸ்ட்' என்பதும் அப்படியே. 'கெட் இட் டன்' ஒரு விலக்கு: யார் செய்தாலும் சரி, வேலை முடிந்தாக வேண்டும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தவறான கையெழுத்தால் விண்ணப்பம் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

வேலை தேடுபவர்களுக்கு 'வி வில் கெட் பேக் டு யூ' அடிக்கடி காதில் விழும். பிறகு பதில் சொல்கிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சம்மதம் என்று மகிழவும் வேண்டாம், மறுப்பு என்று சோரவும் வேண்டாம். எந்த நாளுக்குள் என்று மரியாதையாகக் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உணவகத்தில் பில் வரும்போது 'ஐ வில் கெட் திஸ்' என்பவர் தானே பணம் கொடுப்பதாகச் சொல்கிறார். அழைப்பு மணி அடிக்கும்போது 'ஐ வில் கெட் இட்' என்றால் கதவைத் திறக்கப் போகிறார். 'கெட் அவுட்!' தமிழ்க் காதுக்குச் சண்டையாகத்தான் கேட்கும். வட அமெரிக்காவில் நண்பர் கண்ணை விரித்துக்கொண்டு அதைச் சொன்னால் 'அட, நிஜமாவா!' என்று வியக்கிறார். முகத்தையும் குரலையும் பார்த்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

அப்புறம், இறந்தகாலம். அதில் 'கெட்' என்பது 'காட்' (got) ஆகும். ஆனால் 'ஐ ஹேவ் காட்' என்றால் பெரும்பாலும் 'என்னிடம் இருக்கிறது'. 'ஐ ஹேவ் காட் டு கோ' என்றால் போயாக வேண்டும். அமெரிக்காவில் 'ஹேவ்' என்பதற்குப் பின்னால் 'காட்டன்' (gotten) என்றும் கேட்பீர்கள். கிடைத்திருக்கிறது, ஆகியிருக்கிறது என்பதற்கு அங்கே அதுதான் வழக்கம். பிரிட்டனில் பெரும்பாலும் 'காட்' மட்டுமே.

இந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குள் குடியேறியதுதான், வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். புரியாதபோது 'சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்' என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார். நீங்கள் தேடிய பொருள் பெரும்பாலும் அந்த வேறு சொற்களிலேயே இருக்கும்.