கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு மாடலைத் தொடுங்கள்

மழைநீர் வடிகாலுக்கு, நீரோட்டத்தைக் கணக்கிடும் ஸ்வம் (SWMM) மென்பொருளில் மாடல் போடப் பழகுபவர்கள் செய்யும் தவறுகள் மாறுவதே இல்லை. அலகைக் குழப்புவது, குழாயைத் தலைகீழாக இணைப்பது எல்லாம் ஒரு நாளில் தானே தெரிந்துவிடும். அவற்றை விடுவோம்.

எல்லாக் கூரையும் கால்வாயில் கொட்டுவதாக நினைப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தின் வான்படத்தில் கூரை, தார்ச்சாலை, சிமெண்டுத் தரை எல்லாவற்றையும் கூட்டி, "நீர் ஊறாத பரப்பு 45 சதவீதம்" என்று போட்டுவிடுகிறார்கள். தாமான் (புதிய குடியிருப்பு) வீடுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். கூரைத் தண்ணீர் நேரே வாசல் கால்வாய்க்குப் போகிறது. பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டிலோ கூரை ஓரத்தில் நீர் வாங்கும் தகடே பெரும்பாலும் இருக்காது. தகரத்திலிருந்து விழும் நீர் மண்ணில் வரிசையாகக் குழி பறித்திருக்கும். அங்கிருந்து வாழைக்கும் முருங்கைக்கும் போனது போக, கால்வாய்க்கு வருவது கொஞ்சம்தான்.

ஆகவே சிறு மழைக்கு மாடல் இரண்டு மடங்கு நீரைக் காட்டும். உடனே தரைப் பள்ளங்களில் தங்கும் நீரின் அளவை 8 மில்லிமீட்டருக்கு ஏற்றுகிறார்கள். சிமெண்டுத் தரைக்கு அது 1.3 முதல் 2.5 வரைதான்! மாடலின் கோடும் அளந்த கோடும் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் மாலை இடிமழை மணிக்கு 90 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது, அந்த 8 மி.மீ. நிரம்பவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உண்மையான கால்வாய் பாதி ஏறியிருக்கும். அந்த மாடலை நம்பி அளவு போட்ட கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் வழி) சிறுத்துப்போனால், பள்ளத்து வரிசை வீடுகளில்தான் மெத்தையும் பள்ளிப் புத்தகமும் நனையும்.

இணைந்த பரப்பு எவ்வளவு என்று அறிய, 5 முதல் 10 மி.மீ. வரையான மழைகளை எடுங்கள். மண் தன் பங்கை அநேகமாகக் குடித்துவிடும். ஓடி வருவது கால்வாயோடு இணைந்த பரப்பின் நீர் மட்டும். 12 ஹெக்டேரில் 8 மி.மீ. மழை, கால்வாயில் அளந்தது 150 கனமீட்டர் என்று வையுங்கள். பள்ளங்களில் தங்கும் தொடக்க இழப்பு 1.5 போக 6.5 மி.மீ.; முழுப் பரப்பும் இணைந்திருந்தால் 780 கனமீட்டர் வந்திருக்கும். 150-ஐ 780-ஆல் வகுத்தால் சுமார் 19 சதவீதம்; இணைந்த பரப்பு அவ்வளவுதான். மீதிக் கூரையை மாடலிலிருந்து அழிக்காதீர்கள். அதை ஊறும் பரப்புக்குத் திருப்பிவிட மென்பொருளில் வழி இருக்கிறது. பெருமழையில் மண் நிறைந்ததும் அந்த நீரும் கால்வாய்க்கு வந்துவிடும்.

மொத்த நீர் பொருந்திய பிறகே ஓட்டத்தின் உச்சத்தைப் பொருத்தத் தொடவேண்டும்.

மணிக்கணக்கு மழைத் தரவு

வேண்டாம். இவ்வளவு சின்னப் பகுதிக்கு 5 நிமிடத் தரவு வேண்டும்.

கடிகாரம்

மழைமானியும் நீர்மட்டக் கருவியும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று தரவு இறக்கும்போதெல்லாம் பாருங்கள். கடிகாரப் பிழையை, கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் எண்ணால் திருத்த முடியாது.

கல்வெர்ட் வாயில் நீர்மட்டக் கருவி

செம்பனை மட்டையும் பிளாஸ்டிக் பையும் அடைத்தால் நீர்மட்டம் ஏறும், ஓட்டம் ஏறாது. மேல்பக்கம் தள்ளி, நேராக ஓடும் இடத்தில் வையுங்கள்.

ஒரே மழை

ஒரே மழையை வைத்து மாடலைத் திருத்தாதீர்கள். ஆறு மழை இருந்தால் நான்கில் திருத்தி, தொடாத இரண்டில் சோதியுங்கள். அந்த இரண்டில் ஒன்றாவது கால்வாயின் கரை தொட்ட மழையாக இருக்கட்டும்.