ஆர்த்தோடான்டிக்ஸ் மேற்படிப்பு: மாதங்களைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

பல் சீரமைப்பு நிபுணராவதற்கான முழுநேர மேற்படிப்பு பெரும்பாலும் 3 வருடம். கேட்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடிப்பு) ஒட்டிச் செய்யும் ஒரு சிகிச்சைக்கே 18 முதல் 24 மாதம் பிடிக்கும். பல் எடுத்து இடைவெளி மூடுவதென்றால் இன்னும் நீளும். 36 மாதத்தில் கடைசி 3 மாதத்தைத் தேர்வுக்கும் கேஸ் தொகுப்புக்கும் ஒதுக்கினால் மிஞ்சுவது 33. அதில் 24-ஐக் கழித்தால் 9. அதாவது, 9ஆம் மாதத்துக்குப் பிறகு நீங்கள் தொடங்கும் கேஸ்களில் பலவற்றை முடித்து வைக்கப் போவது உங்கள் ஜூனியர். தேர்வாளர் கேட்பதோ தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே பார்த்த கேஸ்.

ஆகவே கைப்பழக்கத்தை முதல் இரண்டு மூன்று மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். கழற்றி மாட்டும் கருவிகளின் உறுப்புகளை வளைத்துப் பழகுங்கள்: 0.7 மி.மீ. எஃகுக் கம்பியில் ஆடம்ஸ் கிளாஸ்ப் (கடைவாய்ப்பல்லைப் பற்றும் கொக்கி), லேபியல் போ (முன்பற்களின் வெளிப்புற வில்), 0.5 மி.மீ. கம்பியில் பல்லைத் தள்ளும் ஃபிங்கர் ஸ்பிரிங், இசட் ஸ்பிரிங். ப்ளையரின் வேலை கம்பியைப் பிடித்துக்கொள்வது. வளைக்க வேண்டியது கட்டைவிரல். ப்ளையரைத் திருகி வளைத்தால் அதன் விளிம்பு கம்பியில் தடம் பதிக்கும், பிறகு வாயில் அந்த இடத்திலேயே முறியும். தப்பாக வளைந்ததை நிமிர்த்தி நிமிர்த்தி வளைத்தாலும் இதே கதிதான். ஒவ்வொரு வளைவிலும் எஃகு இறுகி, முறியும் தன்மை கூடுகிறது. இரண்டாவது முறை நிமிர்த்தத் தோன்றினால் புதுத் துண்டு எடுங்கள். ஆடம்ஸ் கிளாஸ்பில் பலரும் சறுக்குவது அம்புமுனையில். அது அந்தக் கடைவாய்ப்பல்லின் முன்பக்க, பின்பக்கக் குழிவுகளில் மட்டும் உட்கார வேண்டும். பக்கத்துப் பல்லில் இடித்தால் பிடிப்பும் போகும், பற்களும் விலகும்.

டைப்போடோன்டில் (மெழுகில் பற்கள் பதித்த பயிற்சி மாடல், வெந்நீரில் வைத்தால் பற்கள் நகரும்) பற்களை வரிசைக்குக் கொண்டுவருவது மட்டும் பயிற்சி ஆகாது. கோரைப்பல்லைப் பின்னால் இழுக்கும்போது கடைவாய்ப்பல் எத்தனை மி.மீ. முன்னால் வந்தது என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். ஆங்கரேஜ் (நகரக் கூடாத பல்லை நகராமல் காப்பது) பற்றி எத்தனை செமினார் கேட்டாலும் அந்த எண்களைப் பார்க்கும்போதுதான் புரியும். வெந்நீரின் சூடு கூடிவிட்டால் மெழுகு இளகிப் பற்கள் கும்பலாகச் சரியும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

செபலோமெட்ரி டிரேசிங்கை (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் புள்ளிகளைக் குறித்துக் கோணங்களை அளப்பது) இதே மாதங்களில் தொடங்குங்கள். 20 படங்களை வரைந்து, 2 வாரம் கழித்துப் பழையதைப் பார்க்காமல் மறுபடி வரைந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். காதுத் துளையின் மேல்விளிம்பான போரியானும் கீழ்த்தாடைக் கோணத்தின் முனையான கோனியானும்தான் அதிகம் அலையும். பலர் காதின் துளைக்குப் பதிலாகக் எக்ஸ்ரே கருவியில் தலையை நிறுத்தும் இயர் ராடைக் குறித்துவிடுவார்கள். ஸ்டெய்னரின் சராசரிக் கோணங்களான எஸ்.என்.ஏ. (மேல்தாடையின் நிலை) 82, எஸ்.என்.பி. (கீழ்த்தாடையின் நிலை) 80, ஏ.என்.பி. (இரண்டின் வித்தியாசம்) 2 டிகிரி எல்லோருக்கும் மனப்பாடம். மூக்கின் வேர்ப்புள்ளியான நேசியான் சற்று முன்னோ பின்னோ இருந்தாலே ஏ.என்.பி. மாறிவிடும் என்பதுதான் மறந்துபோகும். நேசியானைச் சாராத விட்ஸ் அளவையும் பாருங்கள், முகத்தையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் நாம் முகத்தின் பக்கம்தான் சாய்வோம்.

மேலே சொன்ன எதில் தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். தொடக்கப் பதிவுகளில் தவறினால் முடியாது. பிராக்கெட் ஒட்டிய பிறகு 'முன்' படம் என்று ஒன்றை எடுக்க வழியில்லை. முகத்துக்கு நேர், சிரிப்பு, பக்கவாட்டு, வாய்க்குள் முன்புறம், வலம், இடம், மேல் வளைவு, கீழ் வளைவு, இவற்றோடு ஓ.பி.ஜி. (இரு தாடைகளின் முழு எக்ஸ்ரே), பக்கவாட்டு செபலோகிராம், பற்களின் மாடல். எடுத்த அன்றே கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். வாய்க்குள் வைக்கும் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும் (வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் படியாது), உதட்டை விலக்கும் ரிட்ராக்டரைப் போதுமான அளவு இழுக்காததால் முதல் கடைவாய்ப்பல் மறைந்திருக்கும், தலை சாய்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது 'சன்டே பைட்': இரண்டாம் வகுப்பு (கீழ்ப்பற்கள் பின்தங்கிக் கடிக்கும்) நோயாளி கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக் கடித்துக் காட்டுவார், படமும் பைட்டும் அப்படியே பதிவாகும், முழுத் திட்டமும் பொய்யான கடியின் மேல் நிற்கும். தாடையைத் தளரவிட்டு இரண்டு மூன்று முறை கடிக்கச் சொல்லி, ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள்.

கேஸ் தேர்வில் வரிசை முக்கியம். தாடை அறுவை சிகிச்சைக்கு முந்தைய பல் சீரமைப்புக்கே பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் ஆகும். எனவே அப்படி ஒரு நோயாளி கிடைத்தால் முதலில் அவரைத் தொடங்குங்கள். ஃபங்ஷனல் அப்ளையன்ஸ் (தாடை வளர்ச்சியைத் திருப்பும் கருவி) தேவைப்படும் பிள்ளைகளின் வளர்ச்சி உங்கள் அட்டவணைக்காகக் காத்திராது. எலும்புக்குள் சிக்கிய கோரைப்பல் எத்தனை மாதத்தில் இறங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அதையும் முன்னதாக எடுங்கள். சாதாரண முதல் வகுப்பு (கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தும்) நெரிசல் கேஸ்கள் பிறகு வரட்டும். சீனியர்கள் விட்டுப்போகும் கேஸ்களை வேண்டா வெறுப்பாக வாங்காதீர்கள். ஃபினிஷிங்கை (சிகிச்சையின் கடைசிக் கட்டச் செப்பம்) முதல் வருடத்திலேயே பார்க்க வேறு வழி கிடையாது.

பிராக்கெட் ஒட்டும் நாளில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தால் எட்ச் செய்து (எனாமலைச் சொரசொரப்பாக்கி), கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதன் மேல் எச்சில் பட்டால் துடைத்துவிட்டு ஒட்டாதீர்கள். மறுபடி எட்ச் செய்யுங்கள். 0.022 அங்குல ஸ்லாட்டில் (பிராக்கெட்டில் கம்பி உட்காரும் பள்ளம்) 0.014 நிட்டி (நிக்கல்-டைட்டானியம்) கம்பியில் தொடங்கி 0.019 × 0.025 எஃகுக்கு வருவது வழக்கமான பாதை. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் பிராக்கெட் கழன்று, மிச்சப்படுத்திய ஒரு மாதத்துக்கு இரண்டு மாதம் போகும். இடைவெளி மூடும்போது மாதத்துக்கு 1 மி.மீ. வரை எதிர்பார்க்கலாம். இரண்டு வருகையாக அசையவில்லை என்றால் விசையைக் கூட்டாதீர்கள். எதிர்த்தாடைப் பல் பிராக்கெட்டில் இடிக்கிறதா, கம்பி நசுங்கியோ வளைந்தோ கடைவாய்ப்பல் டியூபில் வழுக்காமல் நிற்கிறதா, முந்தைய கட்டத்தில் பற்கள் முழுமையாக வரிசைக்கு வந்தனவா என்று தேடுங்கள். 6 முதல் 9 மாதத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்து வேர் கரைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆய்வேட்டுக்கு ஒரே விதி: சிகிச்சை முடிவை அளக்கும் தலைப்பைத் தொடாதீர்கள், உங்களிடம் அவ்வளவு மாதங்கள் இல்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன் சேகரித்த தரவு பயன்படாது. முதல் அரையாண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

முடியாமல் நிற்கும் கேஸ்களை ஒப்படைக்கும்போது இப்போதுள்ள கம்பி, எந்தப் பிராக்கெட் எத்தனை முறை கழன்றது, ஆங்கரேஜ் எவ்வளவு மிச்சம், அடுத்த இரண்டு வருகைகளில் செய்ய நினைத்தது, நோயாளியிடம் வாக்குக் கொடுத்தவை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஜூனியரையும் நோயாளியையும் ஒரே நாற்காலி அருகே சந்திக்க வையுங்கள்.