ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பழைய கார் வாங்குவது எப்படி?

ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் பழைய கார் விளம்பரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. முதல் முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் போட்டோவில் மயங்கி, நேரில் போய் ஓட்டிப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போடுங்கள்: முதலில் பேப்பர், அடுத்து வண்டி, கடைசியில் பணம். இது தமிழ்நாட்டில் வாங்குபவர்களுக்காக எழுதியது.

படி 1: விளம்பரத்தைச் சலித்தெடுங்கள்

உங்களுக்குப் பிடித்த மாடலில், அதே வருடத்து வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பாருங்கள். அதைவிட ஒரு லட்சம் குறைவாக ஒன்று கண்ணில் பட்டால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

"நான் ஆர்மியில் இருக்கேன், திடீர்னு டிரான்ஸ்ஃபர், அதனாலதான் இந்த விலை" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார். சீருடைப் போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் கேட்காமலே வந்து விழும். (கேட்காமலே அடையாள அட்டை அனுப்புகிறவர் என்றால் எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிடும்.) வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்கிலோ முகாமுக்குள்ளோ நிற்கும், நேரில் பார்க்க வழியிருக்காது. "வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம், கேட் பாஸுக்கு மட்டும் ஐயாயிரம் போடுங்க சார்." போட்டால் அடுத்து ஜி.எஸ்.டி., அப்புறம் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று போய்க்கொண்டே இருக்கும். கார் வராது.

இதன் இன்னொரு வடிவம், "உங்க பணத்தைத் திருப்பி அனுப்புறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பது. யு.பி.ஐ. பின் பணம் அனுப்பத்தான் வேண்டும், வாங்குவதற்குத் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

படி 2: வண்டியைப் பார்க்கும் முன் பேப்பரைப் பாருங்கள்

வண்டி எண்ணும் ஆர்.சி.யின் இரண்டு பக்கப் போட்டோவும் கேளுங்கள். விளம்பரத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருப்பது சகஜம்தான். போனில் கேட்டும் எண்ணைத் தர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

எண்ணை அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் தேதி எல்லாம் விளம்பரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 'ஃபர்ஸ்ட் ஓனர்' என்று போட்டுவிட்டு மூன்றாவது ஓனரிடம் இருக்கும் வண்டிகள் ஏராளம். அபராதப் பாக்கிக்கு இ-சலான் தளம் இருக்கிறது. வண்டி எண்ணோடு சேஸிஸ் எண்ணின் (வண்டியின் உடற்கட்டில் பொறித்திருக்கும் எண்) கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும், அது ஆர்.சி.யிலேயே இருக்கும்.

ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் (கடனுக்கு வண்டியே ஈடு) என்று ஒரு வங்கியின் பெயர் இருந்தால் கடன் பதிவு இன்னும் நீங்கவில்லை. "டியூ எல்லாம் கட்டியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்க வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் வாங்குங்கள். அதில் என்.சி.பி. (கிளெய்ம் கேட்காத ஓனருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) என்று ஒரு சதவீதம் இருக்கும். 50 என்றிருந்தால் சில வருடங்களாகக் கிளெய்மே இல்லை என்று பொருள். பூஜ்யம் என்றிருந்தால் போன வருடம் ஏதாவது அடிபட்டதா என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

விற்பவர் ஆர்.சி.யில் உள்ள ஆள்தானா? "மச்சான் வண்டி, அவர் துபாயில் இருக்கார்" என்றால், மச்சான் ஊருக்கு வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

டெல்லி பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கும். 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு அந்த வட்டாரத்தில் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததிலிருந்து பழைய வண்டிகள் தெற்கே வருவது வாடிக்கை. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும். முதல் கார் என்றால் தொடாதீர்கள்.

படி 3: பகலில், மெக்கானிக்கோடு போங்கள்

முடிந்தால் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கே போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பச் சிரமப்படுவதை மறைக்கப் பார்க்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் காபி நுரைபோல் படிந்திருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். பிறகு சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

சென்னை வண்டிகளில் எனக்கு முதல் கவலை வெள்ளம்தான். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் ஏகப்பட்ட கார்கள் நீரில் நின்றன. டிங்கரிங் செய்து, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்துவிட்டால் மேலே எதுவும் தெரியாது. ஆனால் சீட் பெல்ட்டை யாரும் கழற்றிக் கழுவுவதில்லை. அதைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடோ பூஞ்சையோ இருந்தால் அது நீரில் நின்ற வண்டி. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அடியில் உள்ள தண்டவாளத்தில் துருவைத் தேடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்கள்.

கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், மீட்டரைக் குறைப்பது ரொம்ப சுலபம். சர்வீஸ் பில்களில் இருக்கும் எண்கள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 30,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது.

படி 4: பணம்

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் சிறு தொகையாக, ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும். என்ன காரணத்தால் திருப்பித் தர வேண்டும் என்பதை இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீதியும் வங்கி வழியே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. "பாதி கேஷாக் கொடுங்க" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

முழுப் பணம் போகும் அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, அசல் ஆர்.சி., இரண்டு சாவி, சர்வீஸ் பில்கள், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட் கைக்கு வர வேண்டும்.

படி 5: பெயர் மாற்றம்

வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். விற்றவரும் இதில் அக்கறை காட்டுவார். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் என்.சி.பி. அவரோடு போய்விடும் என்பதால் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டி வரும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை மறந்துவிடுகிறார்கள். அது அவர் கணக்கு. அவரை மூடச் சொல்லிவிட்டுப் புதியது வாங்கி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் டோல் தாண்டும்போதெல்லாம் அவர் பணம்தான் போகும், அவரும் போன் செய்துகொண்டே இருப்பார்.