போல்ட் தலையை முதலில் துடைத்துப் பாருங்கள்

திருகோணமலையில் கொட்பேப் பக்கம் போட் எஞ்சின் திருத்துவது என் தொழில். வேலை பழக வரும் பொடியன்களுக்கு முதல் நாள் கையில் கொடுப்பது பழைய பல்துலக்கும் பிரஷும் ஒரு பேணி மண்ணெண்ணெயும். உப்பும் கிரீசும் மணலும் அடைந்த போல்ட் தலை என்ன வகை என்று யாராலும் சொல்ல முடியாது. துடைத்துப் பார்க்காமல், கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். பொருந்தாத சாமான் கையோடு வழுக்கித் தெரிந்துவிடும். கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் ஆளை ஏமாற்றும்.

ஜப்பான் எஞ்சின் கார்பரேட்டரில் இருக்கும் சிலுவைத் திருகாணியைப் பாருங்கள். கடையில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் தருவது பிலிப்ஸ் முனை. இந்தத் திருகாணி அதேபோல்தான் தெரியும், ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. ஜப்பான்காரரின் ஜே.ஐ.எஸ். அளவு அது. பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காது, அழுத்தித் திருகும்போது மேலே ஏறிக்கொண்டு வரும். தலையின் ஓரத்தில் மூக்குத்தி அளவுகூட இல்லாத ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் ஜே.ஐ.எஸ். என்று எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி இல்லாததும் உண்டு. அதனால் ஜப்பான் சாமான் என்றாலே ஜே.ஐ.எஸ். டிரைவரை எடுப்பது என் பழக்கம். அது பிலிப்ஸ் திருகாணியிலும் ஓரளவு நன்றாகவே உட்காரும்.

உண்மையான நட்சத்திரம் டோர்க்ஸ். ஆறு இதழ், ஓரங்கள் வளைவு. டி20, டி25, டி30 என்று அளவு போகும். நடுவில் ஊசிபோல ஒரு முளை நின்றால் நுனியில் துளையுள்ள பிட்டு, அதாவது மாற்றிப் போடும் டிரைவர் முனை, வேண்டும். இதழ்கள் தலைக்கு வெளிப்புறம் இருந்தால் அது இ வகை, அதற்குச் சொக்கட் தனி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று எக்ஸ்.இசட்.என். நிலாவெளியிலிருந்து ஒருவர் பழைய ஃபோக்ஸ்வேகன் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். முன் சக்கரத்துக்குப் போகும் அச்சின் போல்ட்டில் கிரீஸ் நிரம்பியிருந்தது. நான் டோர்க்ஸ் என்று நினைத்து டி45 போட்டேன். நன்றாகப் பிடித்ததுபோல் இருந்தது. அரைச் சுற்றுக்கூட வரவில்லை, பல்லெல்லாம் தேய்ந்துபோனது. அப்புறம்தான் பக்கத்துப் போல்ட்டைத் துடைத்து எண்ணினேன். பன்னிரண்டு முனை, ஒவ்வொன்றும் சதுரத்தின் மூலைபோலக் கூர்மை. மூன்று சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்று திருப்பி வைத்த வடிவம். அதுதான் எக்ஸ்.இசட்.என். எம்8 பிட்டு வாங்கிவந்து, மெல்லிய கம்பியால் பள்ளத்தின் அடிவரை சுரண்டி, பெட்ரோலால் கழுவி, பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கியதும் மற்றவை சுலபமாகக் கழன்றன. நான் கெடுத்ததன் தலையை வைஸ் கிரிப்பால் வெளியிலிருந்து கவ்வித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் அவர்கள் காலத்தவைதான். பழைய பிரித்தானியப் பம்போ லிஸ்டர் எஞ்சினோ கைக்கு வந்தால் மில்லிமீற்றர் ஸ்பானரைத் தூர வையுங்கள். அது விட்வர்த் எனும் பழைய பிரித்தானிய அங்குல அளவாக இருக்கலாம். ஸ்பானரில் 3/8 டபிள்யூ என்றிருந்தால் அது போல்ட்டின் உடல் தடிப்பு. வாயின் அகலம் கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர். புரியின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கில் 60. ஆகவே நட்டு தொலைந்தால் மெட்ரிக் நட்டை வலிந்து ஏற்றாதீர்கள், புரி போய்விடும்.

ஐந்து பக்கத் தலையை இங்கே நான் கண்டதில்லை. அமெரிக்காவில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களில் வைப்பார்கள். ஐந்து பக்கம் என்பதால் எதிரெதிரே நேரான இரு முகம் கிடையாது, சாதாரண ஸ்பானர் கவ்வாது. அதற்காகவே அப்படிச் செய்தது.

வாகன ஸ்டீரிங் பூட்டில் தலையே இல்லாத போல்ட்டைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். இறுக்கும்போது தலை முறிந்து விழும்படி செய்தது அது. ஓரத்தில் சின்ன உளியை வைத்து, இடஞ்சுழியாகத் தட்டித் தட்டித் திருப்பினால் வரும்.

போட்டின் பின்பலகையில் குடைபோல வழவழப்பான தலையுள்ள போல்ட்டுகள் இருக்கும். தலைக்குக் கீழே சதுரக் கழுத்து, அது மரத்துக்குள் பதிந்து சுற்றாமல் நிற்கும். உக்கிய மரத்தில் கழுத்தும் சேர்ந்து சுற்றும். அப்போது தலைக்கு வாளால் ஒரு கோடு கீறி, அதில் தட்டையான டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது தலையில் ஏ4 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், ஏ2 கடல் தண்ணீருக்குத் தாங்காது. எஞ்சினின் அலுமினியத்துக்குள் போகிற ஒவ்வொன்றுக்கும் புரியில் போட் கிரீஸ் பூசுங்கள். பள்ளத்துக்குள்ளும் கொஞ்சம் அப்பிவிட்டால், அடுத்த முறை கழற்றுபவருக்கு மணல் தோண்டும் வேலை இருக்காது.