ராமநாதபுரம் கரையில் சைக்கிள் பயணமா? காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் சாயல்குடியில் தொடங்கி ஏர்வாடி, கீழக்கரை வழியாக ராமநாதபுரத்துக்கு வாருங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் ராமநாதபுரத்தில் தொடங்கி சாயல்குடியில் முடியுங்கள்.

இந்தக் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகிறது. ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்; மார்கழியில் வாடை எதிர்த்திசையிலிருந்து வரும். வழியெல்லாம் பொட்டல், உப்பளம், ஆங்காங்கே பனை, மறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் இந்தச் சமதரையே மேடாகிவிடும். கிளம்பும் முன் பனையோலை எந்தப் பக்கம் சாய்ந்து சடசடக்கிறது என்று பாருங்கள், வானிலைச் செயலியைவிட அது எனக்கு நம்பகம். திரும்புவதற்கு ஒரு சரக்கு ஆட்டோவை முன்கூட்டியே பேசிவைத்தால் போதும்.

பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடிச் சாலையிலும் இது உதவாது. அங்கே சாலை கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்பிவிடுவதால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஆடி மாதம் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரி. மார்ச், ஏப்ரலில் திசை பெரிய விஷயமில்லை, வெயிலுக்கு முன் கிளம்பினால் போதும். அப்புறம், சீமைக்கருவேல முள்ளுக்கு எந்தக் காற்றும் கணக்கில்லை. பஞ்சர் ஒட்டும் சாமான் பையில் இருக்கட்டும்.