கண்ணாடிக் குழாயில் தொடங்கும் கோளாறு: நீச்சல் குளம், ஸ்பா நீர்ச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, குளோரின் நெடியும் மூக்கைத் துளைக்கிறது, இனி எதற்குச் சோதனை என்று நினைப்பவர்கள் இரண்டிலுமே ஏமாறுகிறார்கள். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் நெடி இருப்பதே அரிது. மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிப்பதும் குளோராமின். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கூடும்போது அது உண்டாகிறது. எனவே நெடி அடித்தால், கிருமியைக் கொல்லும் குளோரின் போதவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். தெளிவையும் நம்ப முடியாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அது தண்ணீரைக் கலக்கிக் காட்டாது.

ஆக, சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் மருந்தே போடாமல் கெடும் குளங்களைவிட, தவறாக அளந்து, அந்த எண்ணை நம்பி மருந்து கொட்டியதால் கெடும் குளங்களே அதிகம் என்பது என் எண்ணம்.

முதல் பிழை மாதிரி எடுக்கும் இடத்திலேயே நேர்கிறது. மேற்பரப்பு நீரை அள்ளுவார்கள். அல்லது வடிகட்டியிலிருந்து நீர் திரும்பி விழும் வாய்க்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். இரண்டும் குளத்தின் நிலையைச் சொல்லாது. புட்டியைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழத்துக்கு, அதாவது 30 முதல் 45 செ.மீ. வரை இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். சோதனைப் பட்டை பயன்படுத்துபவர்கள் ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் மீதிப் பட்டைகளும் கெட்டுப்போகும். சொட்டு மருந்துகளுக்கும் காலாவதி உண்டு. வெயில் படும் மோட்டார் அறை அலமாரியில் வைத்தால் அந்தத் தேதிக்கு முன்பே வீணாகிவிடும்.

அடுத்தது, எந்தக் குளோரினை அளக்கிறோம் என்பது. மஞ்சளாக மாறும் பழைய ஆர்த்தோடொலிடின் சொட்டு, மொத்த குளோரினை மட்டுமே காட்டும். அதில் வேலை செய்யக் காத்திருக்கும் கட்டற்ற குளோரினும் உண்டு, அழுக்கோடு பிணைந்து ஏறக்குறைய செயலிழந்த குளோராமினும் உண்டு. அழகான மஞ்சள் நிறத்தைப் பார்த்து நிம்மதியாகக் குளத்தில் இறங்குபவருக்கு, அது முழுக்கக் குளோராமினாகவே இருந்தாலும் தெரியப்போவதில்லை. இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி சொட்டுச் சோதனை கட்டற்றதைத் தனியாகவும் மொத்தத்தைத் தனியாகவும் காட்டும். மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழித்தால் பிணைந்தது வரும். அது 0.4 பிபிஎம்மை (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் கவனிக்க வேண்டும்.

டிபிடியும் ஒரு இடத்தில் காலை வாரும். குளோரின் மிக அதிகமாக இருக்கும் நீரில் சொட்டை விட்டதும் இளஞ்சிவப்பு ஒரு கணம் பளிச்சிட்டு, குழாயை ஆட்டி முடிப்பதற்குள் மறைந்துவிடும். குளோரினே நிறத்தை வெளுத்துவிடுகிறது. குழாயில் நிறமில்லை, ஆகவே குளோரின் பூஜ்யம் என்று எண்ணி இன்னும் ஒரு வாளி கொட்டுகிறார்கள். மறுநாளும் அதே பூஜ்யம், அதே வாளி. சொட்டு விழும் கணத்தில் கண் குழாயில் இருந்தால் இதைப் பிடித்துவிடலாம். சந்தேகம் வந்தால், மாதிரி ஒரு பங்குக்குக் குளோரின் இல்லாத நீர் நான்கு பங்கு சேர்த்து அளந்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். இதே நிலையில், நீரின் அமில-கார அளவான பிஎச்சைச் சோதிக்கும் பீனால் சிவப்புச் சொட்டும் ஊதாவாக மாறி, இல்லாத காரத்தைக் காட்டும். குளோரின் இறங்கும்வரை அந்த எண்ணை நம்பி அமிலம் ஊற்ற வேண்டாம்.

பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும்; காரணம் தெரிந்தவர் குறைவு. ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் மருந்து) இல்லாத நீரில், 7.2இல் கட்டற்ற குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீரியமான ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 7.5இல் பாதி. 8இல் கால் பங்குதான். பிஎச் நிலைத்து நிற்க மொத்தக் காரத்தன்மை, அதாவது பிஎச் மாறாமல் தாங்கும் கார உப்புகளின் அளவு, 80 முதல் 120 பிபிஎம் வரை வேண்டும். இதை முதலில் சரிசெய்யாமல் பிஎச்சோடு மல்லுக்கட்டினால், இன்று அமிலம், நாளை சோடா என்று முடிவே இருக்காது. இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு: காரத்தன்மையை உயர்த்த வேண்டியது சமையல் சோடா; சலவை சோடா பிஎச்சைத்தான் கிடுகிடுவென ஏற்றிவிடும்.

எவ்வளவு போடுவது? 1,000 லிட்டரில் 10 பிபிஎம் உயர்த்த சமையல் சோடா சுமார் 17 கிராம். கணக்கு எளிது, குளத்தின் கொள்ளளவில்தான் சறுக்குகிறார்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1 மீட்டரும் மறுமுனையில் 2 மீட்டரும் ஆழம், தரை சீரான சரிவு என்றால், சராசரி ஆழம் 1.5 மீட்டர், கொள்ளளவு 48,000 லிட்டர். ஆழமான முனையை மட்டும் வைத்துப் பெருக்கினால் 64,000 வரும். அதன்பின் போடும் ஒவ்வொரு மருந்தும் மூன்றில் ஒரு பங்கு மிகையாகவே விழும்.

மெல்லக் கொல்லும் தவறு மாத்திரைகளில் இருக்கிறது. மிதவையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதால் டிரைகுளோர் மாத்திரைக்குக் கிராக்கி அதிகம். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும், அதாவது ஸ்டெபிலைசரும், சேர்ந்தே வருகிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது அதுதான்; திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் போதும். ஆனால் குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் தங்குகிறது. நாளுக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் 30 நாளில் 36 பிபிஎம் சேர்ந்துவிடும். இப்படியே ஏற ஏறக் குளோரினின் வேகம் மந்தமாகும். சோதனையில் எண் சரியாக இருக்கும்போதே பாசி பிடிக்கும். அப்போது பாசிக்கொல்லி வாங்கப் போகாமல், ஒரு பகுதி நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதுதான் வழி. கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை.

கால்சியம் கடினத்தன்மையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். 200 முதல் 400 பிபிஎம் வரை இருக்கட்டும். குறைந்தால் நீர் சிமென்ட் பூச்சை அரிக்கும். மிகுந்தால் ஹீட்டரில் படியும்.

ஸ்பாவைச் சிறிய குளம் என்று நினைத்து நடத்துவது ஆபத்து. 1,500 லிட்டர் ஸ்பாவில் நான்கு பேர் அமர்வது, மேலே சொன்ன குளத்தில் 128 பேர் இறங்குவதற்குச் சமம். சூட்டில் குளோரின் விரைவில் தீர்கிறது. குமிழிகள் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதால் பிஎச் தானாகவே ஏறுகிறது. காலையில் எடுத்த அளவு மாலையில் செல்லாது. ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் சோதிக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம், ஸ்டெபிலைசர் உள்ள குளத்துக்கு 2, ஸ்பாவுக்கு 3 பிபிஎம் கட்டற்ற குளோரின் வேண்டும் என்கிறது. ஸ்பாவில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்றும் சொல்கிறது. குளோரின் தாழ்ந்த வெந்நீரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகி, மயிர்க்கால்களில் செந்தடிப்பை உண்டாக்கும்.

கடைசியாக, மருந்தைக் கையாளும் விதம். டிரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இரண்டும் குளோரின்தானே என்று ஒரே கரண்டியில் அள்ளுவதும் ஒரே மிதவையில் மாற்றிப் போடுவதும் கூடாது. அமிலத்தோடு குளோரின் சேர்ந்தால் நச்சுவாயு. கரைப்பதென்றால் நீரில் மருந்தைச் சேருங்கள், மருந்தின் மேல் நீரை ஊற்றாதீர்கள். மோட்டார் ஓடும்போது ஒரு மருந்தைப் போட்டு, நீர் முழுச்சுற்று வந்து, மறுபடி சோதித்த பிறகே அடுத்த மருந்தின் மூடியைத் திறக்க வேண்டும்.